எட்டுச் சட்டை

பதுளை
12.9.1954

அன்புள்ள மச்சான் கணபதி அவர்களுக்கு,

நான் சுகம். நீங்களும் அக்காவும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

போன மாதம் கொஸ்லந்தைக்கு வந்தபோது தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் உங்கள் தப்பு மேள செட் அடித்ததை முழுவதும் நின்று கேட்டேன். எட்டுப் பேர், எட்டுத் தப்பு. அடியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மற்ற எல்லாவற்றிலும் குறைதான். நாலு மணிக்குப் புறப்பட வேண்டிய ஊர்வலம் ஆறே காலுக்கு நகர்ந்தது. ஒருவன் கோட்டுப் போட்டிருந்தான், ஒருவன் வெற்று உடம்பு, ஒருவன் இடுப்பில் கொழுந்துச் சாக்கு. சாமிக்கு முன்னாலேயே வைக்கோலைக் கொளுத்தித் தப்பைக் காய்ச்சினீர்கள். எல்லார் கண்ணிலும் புகை. நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தாமல், ஜனம் சோர்ந்து உட்காரும்வரை அடித்தீர்கள்.

ரேடியோ கடை வேலையோடு நான் ஜௌபர் மாஸ்டர் பேண்டுக்கு மைக் செட் கட்டப் போவது உங்களுக்குத் தெரியும். அந்த மனிதர் உங்களைவிடப் பெரிய வித்துவான் இல்லை. அவருடைய கிளாரினெட் மேலே போனால் சுருதி விலகும். ஆனாலும் பதுளையிலிருந்து பண்டாரவளை வரை அவரைக் கேட்காமல் எந்தக் கடை முதலாளியும் கலியாணத்துக்கு நாள் வைப்பதில்லை. காரணம், அவர் பேண்டை மிஷின் மாதிரி ஓட்டுகிறார். தேயிலை ஃபெக்டரி என்ஜினுக்கு முன்னால் மூன்று வருஷம் நின்றவன் சொல்கிறேன்.

தை மாதத்திலிருந்து மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு முன்னால் போக அவருக்கு ஒரு தப்பு செட் வேண்டும். உங்களைச் சொல்லியிருக்கிறேன். இது அமைந்தால் அக்கா கூடையைத் தூக்கிக்கொண்டு மலை ஏற வேண்டியதில்லை. அதற்காகத்தான் இவ்வளவும்.

உடனே பதில் போடவும்.

லிங்கம்

*

கொஸ்லந்தை, மேல் டிவிஷன்
26.9.1954

மாப்பிள்ளை லிங்கத்துக்கு, கணபதி எழுதுவது.

மழையும் மூடுபனியுமாக இருந்தாலும் நாங்கள் ரெண்டு பேரும் சுகம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று உன் அக்கா கேட்கச் சொன்னாள்.

உன் கடிதத்தைச் செட்டில் எல்லாருக்கும் படித்துக் காட்டினேன். புகை விஷயம் வந்ததும் மயில்வாகனம், "ஆமா, இவரு நின்ன ஃபெக்டரியில சாம்பிராணிதான் பொகைஞ்சுச்சாக்கும்" என்றான். எல்லாரும் சிரித்தோம். பிறகு யாரும் சிரிக்கவில்லை. நீ எழுதினது உண்மைதான்.

மாப்பிள்ளை, எங்களை யாரும் திகதி சொல்லிக் கூப்பிட்டதில்லை. "டேய், வந்து அடிங்கடா" என்பார்கள். போவோம். "போதும், போங்கடா" என்பார்கள். வந்துவிடுவோம். எங்கப்பா காலத்திலும் அப்படித்தான். ஒருவர் என் பேரைக் கேட்டு, நாள் கேட்டு, இன்ன மணிக்கு வாங்க என்று சொல்லிக் கூப்பிட்டால், அந்த ஒரு மரியாதைக்காகவே என்ன சொன்னாலும் செய்வேன். அவர் எப்படி நடத்துகிறார் என்று விவரமாக எழுது.

உன் அக்கா புஷ்பத்துக்கு மலை ஏறும்போது கொஞ்சம் மூச்சு வாங்குகிறது. குளிர்காலம், எல்லாருக்கும் உள்ளதுதான்.

கணபதி

*

பதுளை
3.10.1954

அன்புள்ள மச்சானுக்கு,

சுகம். அங்கும் அப்படியே என்று நம்புகிறேன்.

விவரம் கேட்டீர்கள். ஜௌபர் மாஸ்டர் ஒன்பது மணி என்றால் எட்டரைக்குத் தெருமுனையில் நிற்கிறார். வாத்தியத்தைக் காய்ச்சுவது, துடைப்பது, சண்டை போடுவது எல்லாம் அந்தத் தெருமுனையோடு சரி. வீட்டுக்காரரிடம் அவர் ஒருவர்தான் பேசுவார்; மற்றவன் தண்ணீர்கூடக் கேட்கமாட்டான். ஒரு பாட்டு ஏழு நிமிஷம். ஜனம் இன்னும் கேட்க நிற்கும்போதே கையைத் தூக்கி நிறுத்திவிடுவார். உங்களால் முடியாத காரியம் அதுதான்.

உடுப்பு ஒரே மாதிரி இருக்க வேண்டும். எட்டுச் சட்டைக்கு நீலத் துணி பஸ்ஸில் கொடுத்தனுப்பியிருக்கிறேன். அக்கா தைக்கட்டும். தையல்காரனிடம் போனால் தை தாண்டிவிடும்.

அடுத்தது கொஞ்சம் கஷ்டம். சாவு வீட்டுக்கு இனிமேல் அடிக்கக் கூடாது. போன வாரம் பிணத்துக்கு முன்னால் போன செட்டை எந்த முதலாளியும் தன் மகள் கலியாணத்துக்குக் கூப்பிடமாட்டான். நியாயமா அநியாயமா என்று என்னிடம் கேட்க வேண்டாம். ரேடியோ வால்வ் சூடாகும் என்றால் சூடாகும், அவ்வளவுதான். ஒருவருக்கு அடித்து ஒருவருக்கு மறுத்தால் சண்டை வரும். எல்லாருக்கும் மறுத்துவிடுங்கள்.

திகதி கொடுத்தால் கொடுத்ததுதான். மகளுக்கு அம்மை போட்டிருந்த அன்றும் மாஸ்டர் அப்புத்தளையில் வாசித்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அதுதான் தொழில். ஒருவன் வராவிட்டால் அவனுடைய அடியையும் மற்றவர்கள் சேர்த்து அடிக்கப் பழகட்டும். உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். டிரைவர் பக்கத்தில் நிற்காமலே ஓடினால்தான் அது ஒழுங்காகப் பூட்டிய என்ஜின்.

லிங்கம்

*

கொஸ்லந்தை
10.11.1954

மாப்பிள்ளை லிங்கத்துக்கு,

இங்கே சுகம்தான். உன் சுகத்துக்கு எழுதவும். பதில் தாமதமாகிவிட்டது, மன்னிக்கவும்.

நீ சொன்னபடி ஞாயிறு ஞாயிறு மணி பார்த்துப் பழகுகிறோம். ஸ்டோரிலிருந்து பழைய மணிக்கூடு ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். நான் விலகி நின்று கேட்கிறேன். மயில்வாகனம் என் இடத்தை நன்றாகப் பிடித்துக்கொண்டான்.

ரெண்டு வாரத்துக்கு முன் மீனாம்பாள் புருசன் காய்ச்சலில் போய்விட்டார். நம் லயத்து வரிசையில் நாலாவது காம்பரா மீனாம்பாள்தான், உனக்கும் தெரியும், சின்ன வயதில் உன்னைத் தூக்கி வைத்திருந்தவள். தோட்டத்தில் ஒரு உயிர் போனால் முதலில் தப்பு அடித்து மற்ற லயங்களுக்குத் தெரியப்படுத்துவோம். எடுத்துப் போகிறபோது கடைசிவரை அடிப்போம். தப்பு இல்லாமல் யாரையும் எடுத்ததில்லை. அவள் தம்பி வந்து கூப்பிட்டான். இனிமேல் போவதில்லை என்று சொல்லி அனுப்பினேன். பிறகு அவளே வந்தாள். லயமே வாசலில் நிற்கிறது. "என்ன கணபதி, எம் புருசன் என்ன களவாணியா, சத்தமில்லாமக் கொண்டு போறதுக்கு?" என்றாள். நான் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வேறு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. சத்தமில்லாமல்தான் கொண்டுபோனார்கள்.

புஷ்பம் போய்விட்டு வந்து ரெண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் துணியை விரித்து வெட்ட உட்கார்ந்தாள். கால் கொஞ்சம் வீங்கியிருப்பதால் வேலைக்குப் போகவில்லை. வீட்டிலேயே இருக்கிறாள். அதனால் தையல் நடக்கிறது.

பதுளையில் ஒரு காரியம் இருக்கிறது. நாலைந்து நாள் தங்க வேண்டிவரும். உன் அறையில் ரெண்டு பேருக்கு இடம் இருக்குமா?

கணபதி

*

பதுளை
17.11.1954

அன்புள்ள மச்சானுக்கு,

நான் சுகம். அக்கா கால் வீக்கத்துக்கு உப்பைக் குறைக்கச் சொல்லுங்கள். வேலைக்குப் போகாதது ஒரு வகையில் நல்லது, சட்டை சீக்கிரம் முடியும்.

மீனாம்பாள் விஷயத்தில் நீங்கள் செய்தது சரி. ஒரு தரம் நெஞ்சை இறுக்கிக்கொண்டால் அடுத்த தரம் கேட்கமாட்டார்கள். மாஸ்டரிடம் சொன்னேன். "உன் மச்சானுக்குத் தொழில் வெளங்குது, தம்பி" என்றார். அவர் வாயிலிருந்து அப்படி வருவது லேசில்லை.

அறையில் இடமா? ரெண்டு அம்ப்ளிஃபயர், ஆறு ஹார்ன், பேட்டரி, வயர்க்கட்டு. நானே காலை மடக்கிக்கொண்டு படுக்கிறேன். நீங்கள் மாஸ்டரைப் பார்க்கத்தான் வருகிறீர்கள் என்று நினைக்கிறேன். வேண்டாம். கூப்பிடுவதற்கு முன்னால் வந்து நிற்கிறவர்களை அவருக்குப் பிடிக்காது. தையில் முழு செட்டோடு, சட்டையோடு வாருங்கள். அதுவரை ஒன்றும் அவசரமில்லை.

லிங்கம்

*

கொஸ்லந்தை
20.12.1954

மாப்பிள்ளை லிங்கத்துக்கு,

உன் சுகம் அறிந்து சந்தோஷம். இங்கே மழை விடவில்லை.

பதுளைக் காரியத்தைப் பற்றி நீ யோசிக்க வேண்டாம். தை கழியட்டும் என்று புஷ்பமே சொல்லிவிட்டாள். ஐந்து சட்டை முடிந்துவிட்டது. செட் தயார். இந்த மாதம் இன்னும் ரெண்டு சாவு. போகவில்லை. இப்போது யாரும் வந்து கேட்பதுமில்லை. தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் நான் போனால் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள்.

உன் அக்கா ரெண்டு வரி எழுத வேண்டுமாம். தாளைக் கொடுக்கிறேன்.

கணபதி

தம்பி, அக்கா எழுதுறேன். காலர் வைத்த சட்டை நான் இதுவரை தைத்ததில்லை. உன் மச்சானின் பழைய சட்டை ஒன்றைப் பிரித்துப் பார்த்துத்தான் வெட்டினேன். அதனால் குறை சொல்லாதே. வெள்ளைப் பொத்தான் இன்னும் இருபது அனுப்பு. உன்னைப் பார்த்து நாலு மாதமாகுது. மைக் இல்லாமல் ஒரு நாள் வந்துட்டுப் போ. ஒன்றுமில்லை, பார்க்கணும் போல இருக்கு. புஷ்பம்.

*

பதுளை
2.1.1955

அன்புள்ள மச்சானுக்கு,

சுகம். சுகமாக இருங்கள்.

நாள் வந்துவிட்டது. ஜனவரி 27, வெலிமடையில் மரக்கறி மொத்த வியாபாரி வீட்டுக் கலியாணம். ஊவாவில் பாதிப் பேர் வருவார்கள். மாஸ்டர் அங்கே உங்களைக் கேட்டுவிட்டுத்தான் வருஷம் முழுவதற்கும் எழுதித் தருவார். 26ஆம் திகதி மூன்று மணி பஸ்ஸைப் பிடித்தால் இருட்டுவதற்குள் வந்துவிடலாம். தங்க இடம் ஏற்பாடு. எட்டுப் பேர், எட்டுச் சட்டை, எட்டுத் தப்பு. நான் இருபத்தைந்தாம் திகதியே பேண்டோடு ரோட்டில் இருப்பேன். பொத்தான் இருபது இத்தோடு.

அக்காவிடம் தை முடிந்ததும் வருகிறேன் என்று சொல்லுங்கள்.

லிங்கம்

*

வெலிமடை
27.1.1955

மச்சானுக்கு,

சுகம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை.

ஏழு பேர் வந்தார்கள். எட்டாவது ஆள் எங்கே? தலைவர் எங்கே? மாஸ்டர் என் முகத்தைப் பார்த்து, "எங்க தம்பி உன் மச்சான்?" என்று கேட்கிறார். நான் என்ன சொல்வது? நாலு மாதமாக மாட்டுக்குச் சொல்வது போலத் திகதி திகதி என்று எழுதினேனே. ஏழு பேரும் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். கேட்டால் பேச்சில்லை.

ஒன்று ஒத்துக்கொள்கிறேன். அடித்தார்கள். நான் உங்கள் செட்டை எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன், இப்படிக் கேட்டதில்லை. ஊர்வலம் நின்றுவிட்டது. பொம்பிளைகள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். ஒருவன் முகத்திலும் சிரிப்பில்லை, அசைவில்லை. மாஸ்டர் கையைத் தூக்கியதும் ஒரே அடியில் நிறுத்தினார்கள். தொழில் என்றால் இது. நீங்கள் இல்லாமலே இது நடந்தது என்பதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முகூர்த்தம் முடிந்ததும் மயில்வாகனம் வந்து ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். காரணம் கேட்க எனக்கு நேரமில்லை, போடா என்று எல்லார் முன்னாலும் கத்திவிட்டேன். எங்கள் வான் அடுத்த ஊருக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தது. இதை வானில் வைத்துத்தான் எழுதுகிறேன்.

ரெண்டு சட்டையில் பொத்தான் துளை கோணல். அக்காவிடம் சொல்லவும்.

லிங்கம்

*

கொஸ்லந்தை
3.2.1955

மாப்பிள்ளை லிங்கத்துக்கு, கணபதி எழுதுவது.

நான் சுகம்.

வெலிமடையிலிருந்து நீ போட்ட கடிதம் கிடைத்தது. கேட்டதற்குப் பதில் எழுதுகிறேன். நாலு தாள் கிழித்தாயிற்று.

26ஆம் திகதி பகல் பன்னிரண்டு மணிக்குப் புஷ்பம் போய்விட்டாள்.

ஐப்பசியிலேயே டிஸ்பென்சரி மருந்துக்காரர், இது இருதயக் கோளாறு, பதுளை பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க என்று துண்டு எழுதித் தந்தார். நாலைந்து நாள் வந்து போக வேண்டியிருக்கும் என்றார். அதற்குத்தான் உன் அறையைக் கேட்டேன். என்ன காரியம் என்று எழுத அவள் விடவில்லை. "எழுதுனா எல்லாத்தையும் போட்டுட்டு ஓடி வருவான். அப்பறம் அந்த மாஸ்டரு அவனையும் சேக்க மாட்டாரு, உங்களையும் சேக்க மாட்டாரு" என்றாள். நானும் எழுதவில்லை. எழுதியிருக்கலாம். எனக்கும் அந்தத் திகதி வேண்டியிருந்தது.

மூன்று மணி பஸ்ஸுக்கு ஏழு பேரையும் நான்தான் ஏற்றினேன். "என்னண்ணே, மதினிய வீட்டுல கெடத்திட்டு நாங்க கலியாணத்துக்கா போறது?" என்று மயில்வாகனம் படியில் கால் வைக்க மாட்டேன் என்றான். திகதி கொடுத்தாச்சு, போடா என்று தள்ளினேன். முகூர்த்தம் முடிகிறவரை உன்னிடம் வாய் திறக்கக் கூடாது என்று சத்தியம் வாங்கினேன். முடிந்ததும் சொல்லத்தான் அவன் உன்னிடம் வந்தான். கடைக்குத் தந்தியும் அடித்தேன். நீ ரோட்டில் இருப்பாய் என்பது அடித்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

மறுநாள் எடுத்தோம். ஏழு தப்பும் வெலிமடையில். என்னுடையது ஆணியில் தொங்கியது. காரியம் செய்கிறவன் அதை எடுக்க முடியாது. கீழ் டிவிஷன் ஆட்களைக் கூப்பிடட்டுமா என்று கங்காணி கேட்டார். மீனாம்பாள் அங்கேதான் நின்றாள். அவளை வைத்துக்கொண்டு எப்படிக் கூப்பிடுவது? வேண்டாம் என்றேன். மீனாம்பாள்தான் புஷ்பத்தைக் குளிப்பாட்டினாள். அவள்தான் ஒப்பாரி எடுத்தாள். அடி இல்லாமல் ரெண்டு இடத்தில் அவள் குரல் நின்றுவிட்டது. தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி எடுத்தாள்.

அடுத்த நாள் விடியற்காலை பெரட்டுக்கு, வேலைக்கு ஆள் கூப்பிட, வழக்கம்போல ஆபீஸ் தப்பை அடித்தார்கள். எழுந்து உட்கார்ந்து கேட்டேன். அதை அவளுக்கு அடித்ததாக வைத்துக்கொண்டேன்.

பொத்தான் துளை கோணலாகத்தான் இருக்கும். கடைசி ரெண்டையும் படுத்துக்கொண்டே தைத்தாள். எட்டாவது சட்டைக்கு இடது கை வைக்கவில்லை.

கணபதி

*

பதுளை
20.2.1955

மச்சானுக்கு,

இது மூன்றாவது கடிதம். முதல் இரண்டும் கிடைத்திருக்கும். பதில் வராதது எனக்கு விளங்குகிறது.

கடைக்குத் திரும்பிய அன்று உங்கள் கடிதமும் தந்தியும் ஒன்றின் மேல் ஒன்றாக இருந்தன. கடிதத்தை முதலில் உடைத்தேன். தந்தியை இன்னும் உடைக்கவில்லை.

அடுத்த நாளே கொஸ்லந்தைக்கு வந்தேன். இதை முந்தின கடிதங்களில் எழுதவில்லை. லயத்துக்கு ஏறுகிற படிக்கட்டு வரை வந்தேன். மீனாம்பாள் தண்ணீர்க் குடத்தோடு இறங்கி வந்தாள். என்னைப் பார்த்து நின்றாள். "இப்ப யாருக்கு மைக் கட்ட வந்தீங்க, தம்பி?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரியாமல் கேட்பது போலக் கேட்டாள். நான் அப்படியே திரும்பி பஸ் ஏறிவிட்டேன்.

உங்கள் கடிதங்களையெல்லாம் எடுத்து வரிசையாக வைத்துப் படித்தேன். மூச்சு வாங்குகிறது. கால் வீங்கியிருக்கிறது. வேலைக்குப் போகவில்லை. ரெண்டு பேருக்கு இடம். என்ஜினில் இப்படி நாலு சத்தம் கேட்டிருந்தால் முதல் சத்தத்திலேயே நிறுத்தி மூடியைக் கழற்றியிருப்பேன். உப்பைக் குறைக்கச் சொன்னேன், மச்சான்.

இன்னொன்றையும் நானே சொல்லிவிட வேண்டும். மாஸ்டர் மயில்வாகனத்தையும் மற்ற ஆறு பேரையும் பதுளைக்கே கூப்பிட்டுவிட்டார். உங்களை மட்டும் கூப்பிடவில்லை. "ஏழு பேரோடயே நல்லாத்தானே இருந்திச்சு? எட்டாவது ஆள் எதுக்கு, தம்பி?" என்கிறார். டிரைவர், என்ஜின் என்று அவரிடம் முதலில் பேசியவன் நான்தான். நான் மைக் கட்டப் போவதை நிறுத்திவிட்டேன். அதனால் யாருக்கும் ஒன்றும் ஆகப் போவதில்லை என்றும் தெரியும்.

திட்டியாவது ஒரு வரி எழுதுங்கள்.

லிங்கம்

*

கொஸ்லந்தை
8.5.1955

மாப்பிள்ளை லிங்கத்துக்கு,

நான் சுகம். நீ வேளைக்குச் சாப்பிடு.

திட்ட ஒன்றுமில்லை. நீ எழுதினதில் பொய் ஒன்றுமில்லை. நான் இல்லாமல் செட் ஓடுகிறது. பிள்ளைகள் போகும்போது காலில் விழுந்துவிட்டுத்தான் போனார்கள். போங்கடா என்றேன். இங்கே இருந்து பெரட்டில் நிற்பதற்கு அது மேல்.

இங்கே இப்போது தப்பு எடுக்க நான் ஒருவன்தான். சாவு என்றால் கூப்பிடாமலே போகிறேன். ஒற்றைத் தப்பு எடுபடாது, எனக்கே தெரிகிறது. அடுத்த காம்பராவுக்குக்கூடக் கேட்காது. சிலர் உள்ளே விடுகிறார்கள், சிலர் விடுவதில்லை.

போன வாரம் தப்பைக் காய்ச்சி எடுத்துக்கொண்டு மீனாம்பாள் வாசலில் போய் நின்றேன். அன்றைக்கு உன் புருசனுக்கு அடிக்க வேண்டியதை இப்போது அடிக்கட்டுமா என்று கேட்டேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "ஆறு மாசமாச்சு, கணபதி. அவரு போயிச் சேந்திருப்பாரு. சத்தம் கேட்டுத் திரும்பி வந்துட்டாருன்னா நான் என்ன பண்றது? போயிட்டு வா" என்றாள். வந்துவிட்டேன்.

மாஸ்டர் பிள்ளைகளுக்குச் சரிகை வைத்த புது உடுப்புக் கொடுத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். அப்படியென்றால் நீலச் சட்டைகள் எங்கேயாவது சும்மா கிடக்கும். தேடி எடுத்து பஸ்ஸில் கொடுத்தனுப்பு. புஷ்பம் தைத்தது ஏழும் வேண்டும். பொத்தான் போயிருந்தாலும் பரவாயில்லை.

கணபதி